காது வைத்த போர்வை

1

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்தப் பனிக்காலத்தில் நான் ஒரு போர்வைக்குக் காது வைத்துத் தைத்தேன். ஐம்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் வாசித்தவன், மூளையில் கோளாறு ஒன்றுமில்லை என்று வைத்தியரே ஒப்புக்கொண்டவன். அப்படியான நான் ஒரு போர்வையின் இரண்டு மூலையையும் முறுக்கிக் கட்டி, முயல் மாதிரிக் காது வைத்துவிட்டு, எட்ட நின்று அதை ரசித்தேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நெல்லு மூட்டையின் வாயைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் சாக்கைக் கொஞ்சம் சுருட்டிக் கட்டி, பிடிப்பதற்குக் காது விடுவோம். காது இல்லாத மூட்டையைத் தூக்கச் சொன்னால், லொறியில் ஏற்றுகிற பெடியள் எங்கள் பரம்பரையையே இழுத்துக் கதைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரேயொரு தையல் அதுதான். வன்னியில் எங்கள் ஊரான அக்கராயனில் நெல் அருவி வெட்டி முடிந்த நாட்களில், சாக்கு ஊசியும் சணல் நூலுமாகக் களத்தில் குந்தியிருந்து பழகியது. அந்தத் தையலுக்கு இன்னுமொரு குணம் உண்டு. பூட்டினால் ஒரு நெல்மணி வெளியே வராது. ஆனால் மில்லில் திறக்கிறவன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தானென்றால் முழுத் தையலும் சர்ரென்று கழன்று வந்துவிடும். அப்படித்தான் வரவேண்டும். அதற்காகத்தான் அந்த முடிச்சு.

நெல்லுக்காகக் கற்ற இந்த வித்தையைத்தான் மகள் போர்த்துப் படுக்க வேண்டிய போர்வையில் நான் காட்டினேன்.

2

நாங்கள் இருப்பது மனிற்றோபா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். நாலு பக்கமும் கோதுமை வயல். வருசத்தில் பாதி அது வயலாக இருக்கும், மீதிப் பாதி எழுதாத வெள்ளைத் தாளாக இருக்கும். ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர்கள் எங்களை நினைத்து இரக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கோயில் உண்டு, மண்டபம் உண்டு, பச்சைக் கறிவேப்பிலை உண்டு. எங்களுக்குக் கறிவேப்பிலை தபாலில் வரும், வந்து சேரும்போது கறுத்துப்போய் இருக்கும்.

கோடையில் எனக்கு வீதி போடுகிற கம்பனியில் வேலை. ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘மெதுவாகப் போ’ என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். என் வாழ்க்கையில் நான் சொல்வதை மற்றவர்கள் கேட்டு நடக்கிற ஒரே இடம் அதுதான். பனி விழத் தொடங்கியதும் வீதி வேலை நின்றுவிடும். பிறகு வசந்தம் வரும்வரை, வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற காப்புறுதிக் காசில், கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்து ஜன்னலைப் பார்ப்பேன்.

என் மனைவி புஷ்பம் ஜன்னலைப் பார்க்கிற ஆள் இல்லை. காலையில் பழைய உடுப்புக் கடையொன்றில் வேலை. விற்க முடியாத சட்டைகளை அங்கே குப்பையில் போடுவார்கள். முழங்கை கிழிந்தவை, கழுத்துப்பட்டி தேய்ந்தவை. இந்த ஊர் விவசாயிகள் குளிருக்குப் போடுகிற தடித்த, கட்டம் போட்ட சட்டைகள். சிவப்பும் கறுப்பும், பச்சையும் நீலமும். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, துவைத்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, சதுரம் சதுரமாக வெட்டுவாள். பின்னேரங்களில் அந்தச் சதுரங்கள் எங்கள் முன்னறை முழுக்கப் பரவிக் கிடக்கும். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போவதென்றால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரிப் போகவேண்டும்.

குவில்ற் என்று இங்கே சொல்வார்கள். மேலே ஒட்டுத் துணி, நடுவில் பஞ்சுப் படை, அடியில் ஒரு முழுத் துணி, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தையல். இதில் என்ன பெரிய வேலை என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நீலச் சதுரத்தை எடுத்து நாட்கணக்காக அங்கே வைத்துப் பார்ப்பாள், இங்கே வைத்துப் பார்ப்பாள். எனக்கு எல்லா இடமும் ஒன்றுதான். கடைசியில் ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவாள். அப்போதுதான், அதுவரை அந்தப் போர்வை நொண்டிக்கொண்டு இருந்தது என்பதே என் கண்ணுக்குத் தெரியும். நான் ஒரு வசனத்தைத் திருத்தும்போது இவ்வளவு பொறுமையாக இருந்திருந்தால் இந்நேரம் யாராவது என்னை வாசித்திருப்பார்கள்.

உதவி செய்யலாம் என்று நான் இடுப்பில் கட்டுகிற பழைய சாறம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் கட்டம் போட்டதுதானே.

“ஐயோ, அத அங்கிட்டு வையுங்க” என்றாள். “அந்தச் சாறத்தப் போட்டுத் தைச்சுக் குடுத்தா அந்தப் புள்ள தன் போன் நம்பரையே மாத்திரும்.”

அந்தப் பிள்ளை எங்கள் ஒரே மகள் ஆரணி. நகரத்தில் இருந்து தாதிக்குப் படித்து முடித்தவள். பனிக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, வடக்கே தூரத்தில் ஓர் ஊர் வைத்தியசாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். வீதியே போகாத ஊர். சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். பனிக்காலம் முடிகிற நேரம் பயணம். ஒரு பெட்டிக்கு மேல் ஏற்றமாட்டார்கள்.

“அதால எனக்கெண்டு ஒண்டும் செய்யாதேங்கோ அம்மா, ப்ளீஸ். கொண்டு போகேலாது.”

“சரி” என்றாள் புஷ்பம்.

கலியாணம் கட்டியவர்களுக்கு அந்தச் ‘சரி’ என்னவென்று தெரியும். ஆரணி படிக்கப் போனபோது தாய் கொடுத்துவிட்ட தலையணை உறைகள், மிளகாய்த்தூள் போத்தல், கடையில் வாங்கிய போர்வை, சாமிப்படம் எல்லாம் இன்றைக்கும் எங்கள் வீட்டு நிலவறை அலுமாரியில் புத்தம் புதிதாக இருக்கின்றன. பிள்ளைக்குக் கோபமோ வெறுப்போ கிடையாது. அவளுக்குப் பாரம் பிடிக்காது, அவ்வளவுதான். எங்கள் இரண்டு குடும்பமும் தலையில் மூட்டையோடு ஊர் ஊராய் அலைந்ததற்கு, மூன்றாம் தலைமுறை வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்க ஆசைப்படுவது நியாயம்தானே என்று நான் தத்துவம் பேசினேன்.

புஷ்பம் அடுத்த சட்டையின் கையை வெட்டினாள். இந்தப் போர்வை பெட்டிக்குள் போகுமா, அலுமாரிக்குள் போகுமா என்பதுதான் அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிய கேள்வி. ஒருத்தரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

3

மூன்று பக்கமும் மெசினில் தைத்து, பையைப்போலப் புரட்டி, ஒரு பக்கத்தை மட்டும் திறந்தபடி வைத்திருந்தாள். குறுக்குத் தையல்களைக் கையால் போட்டுக்கொண்டு வந்து, சுருக்கங்களை அந்தத் திறந்த பக்கம் தள்ளிவிட்டு, கடைசியில் வாயைப் பூட்டுவது அவளுடைய முறை. அந்த நேரத்தில்தான் வாசற்படியில் சறுக்கி விழுந்தாள். நான் வழுக்கி விழக்கூடாது என்று, படியில் உறைந்த பனி கரைய உப்புப் போடப் போனவள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு.

வைத்தியசாலையால் வருகிற வழியெல்லாம், கார் ஓட்டுகிற என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் சொன்னாள்:

“ஒங்க கையக் காட்டுங்க.”

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிறமாதிரி.

“தடிச்ச கைதான். வேற என்ன செய்ய, இது ரெண்டுதானே வீட்ல இருக்கு.”

இப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காப்புறுதிக் காசு தருகிற கந்தோருக்கு, வேலையில்லாமல் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்பது சட்டம். ஊரில் எத்தனையோ சோதனைச் சாவடியில் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்த எங்களுக்குக் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிற வியாதி உண்டு. ரெலிபோனில் வந்த பெண்ணிடம், நான் இப்போது வீட்டில் போர்வை தைக்கிறேன், இது வேலையில் சேருமா என்று கேட்டேன்.

“சம்பளம் கிடைக்கிறதா?” என்றாள்.

“இல்லை. ஏச்சுத்தான் கிடைக்கிறது.”

அந்தப் பக்கம் எதையோ தட்டி எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு மிகவும் மரியாதையாக, அதை வருமானமாகக் காட்டத் தேவையில்லை என்றாள்.

ஏச்சு உண்மைதான். புஷ்பம் கதிரையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். நான் நிலத்தில், போர்வையின் நடுவில். கோடு நேராக வரவேண்டும், தையல் ஒரே அளவாக வரவேண்டும், மூன்று படையிலும் ஊசி ஏறி இறங்கவேண்டும், பஞ்சு நசியக்கூடாது, நூல் இழுபடக்கூடாது. இத்தனையும் ஒரே நேரத்தில். ஊசியைத் தள்ள விரலில் மாட்டுகிற இரும்புத் தொப்பி என் விரலுக்குள் போகவே மாட்டேன் என்றது.

“என்னங்க இது? தையலா, ரோட்டுக்குப் போடுற கோடா?”

“ரோட்டுக் கோடு நேராத்தான் போடுவம்.”

“அப்ப அதையாச்சும் போடுங்களேன். இத அவுத்துருங்க.”

அவிழ்த்தேன். தைத்தேன். மறுபடி அவிழ்த்தேன். கோபம் வந்தால் புஷ்பம் தாய்தகப்பனின் மலைநாட்டுத் தமிழில் ஏசுவாள், நான் வன்னித் தமிழில் முணுமுணுப்பேன். அவளுடைய ஆட்கள் கலவர நாட்களில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் ஜெயபுரத்தில் குடியேறியவர்கள். என்னுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்தவர்கள். இரண்டு பகுதியும் வந்து குடியேறியதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் கதைப்பதைக் கேட்டால் குளம் வெட்டியதே எங்கள் பூட்டன்தான் என்று நினைப்பீர்கள். கலியாணப் பேச்சு வந்தபோது என் மாமா ஒருவர், “கூலிக்கு வந்து நிக்கிற சனம்” என்று வாயைச் சுழித்தார். அதே மாமாவின் வயலில் களை பிடுங்கியது, நாற்று நட்டது எல்லாம் அந்தச் சனம்தான். இந்தப் பெண் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிரித்தபடி எங்கள் வீட்டுக்குள் காலை வைத்தவள். பனிப்புயல் இரைகிற பின்னேரங்களில், அவள் முன்பு வெட்டிய கோணலில்லாத ஓரங்களை என் கோணல் தையலால் கெடுத்துக்கொண்டு இருந்தபோது, நான் இவளைப் பற்றி இதுவரை எழுதியவை எல்லாம் எவ்வளவு மேலோட்டம் என்று நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஊசியைப் பார்த்துத் தைக்கச் சொல்லியிருப்பாள்.

4

கடைசியில் அந்தத் திறந்த வாய் மட்டும் மிஞ்சியது. ஆரணி மறுநாள் வந்து, அதற்கடுத்த நாள் பறக்கவேண்டும். அன்று மத்தியானம் புஷ்பம் கைநோவுக்குத் தந்த குளிசையை விழுங்கிவிட்டுக் கண்ணயர்ந்தாள். வாயை எப்படிப் பூட்டுவது என்று விளக்கமாகச் சொல்லித்தான் போயிருந்தாள். துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல், சின்னச் சின்னதாய். எல்லாவற்றையும் கேட்டேன். தலையும் ஆட்டினேன்.

ஆனால் மூன்று பக்கம் பூட்டி, ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு, வயிறு பொம்மிக் கிடக்கிற ஒரு பொருளைக் கண்டதும் என்னைக் கேளாமலே கை தீர்மானித்துவிட்டது. தடித்த நூலை எடுத்தேன். வாயை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன், நெல்லு அடியில் இறங்கட்டும் என்று. மூலையைச் சுருட்டி ஒரு காது. கடகடவென்று தையல். மற்ற மூலையில் மற்றக் காது. இழுவை முடிச்சு. நுனியை நீளமாக விட்டேன். அந்தப் பனிக்காலத்தில் முதன்முதலாக ஒரு தையலையும் அவிழ்க்காமல் முடித்தேன். அந்தப் பெருமையில் வியர்த்துவிட்டது.

புஷ்பம் எழும்பி வந்தாள். காதுகளைப் பார்த்தாள். நீண்டு கிடந்த நுனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ம்” என்றாள். பிறகு போய்ச் சோற்றுக்கு அரிசி போடச் சொன்னாள்.

அவள் குறை ஒன்றும் சொல்லாததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இருக்கிற பழக்கம்.

5

ஆரணி வந்தாள். பெட்டி ஏற்கெனவே நிரம்பி இருந்தது. சப்பாத்து, கம்பளிச் சட்டை, வேலை உடுப்பு. அதற்குள் நான் அவளுக்கென்று தெரிவு செய்த தமிழ்ப் புத்தகங்களை அவள் வந்த உடனேயே கொண்டுபோய்த் திணித்துவிட்டேன், தமிழ் கதைக்க ஆளில்லாத ஊரில் பயன்படும் என்று. போர்வை கதிரையில் மடித்துக் கிடந்தது. அவள் அதைக் கண்டாள்.

“அம்மா, செய்ய வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ.”

“தைச்சுப் பாத்தேன். கொண்டு போகணும்னு இல்ல.”

ஆரணி அதை விரித்தாள். சிவப்பும் நீலமும் முன்னறையில் பரவின. ஒரு சட்டையின் பையைப் புஷ்பம் பிரிக்காமல் அப்படியே விட்டிருந்தாள், பிள்ளை அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு மூலைக்கு வந்தாள்.

“அப்பா, இது என்ன, காதா?”

“ஓம். தூக்கச் சுகமா இருக்கும்.”

“ஆர் போர்வையத் தூக்குறது?”

நல்ல கேள்வி. நான் பதில் யோசிக்கும்போதே அவள் கண் அந்த நூல் நுனியில் விழுந்தது. பிடித்தாள். இழுத்தாள்.

சர்ர்.

அக்கராயன் களத்தில் கேட்கிற அதே சத்தம். போர்வை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வாயைப் பிளந்தது, பஞ்சு எட்டிப் பார்த்தது. ஆரணி கையில் முழு நூலும் சுருள்சுருளாக இருந்தது. பிள்ளை பயந்துபோனாள்.

“ஐயோ அம்மா, ஸொறி, ஸொறி. நான் பழுதாக்கிப் போட்டன்.”

நான் நிலத்துக்குள் போக இடம் தேடினேன். புஷ்பம் பனிக்காலம் முழுக்க உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, பிள்ளை கொண்டு போவாளா மாட்டாளா என்று தராசு ஆடுகிற நேரத்தில், என் கைவண்ணத்தால் பிளந்து கிடந்தது. புஷ்பம் ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஊசிப்பெட்டியை இடது கையால் எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

“என் கையால ஏலாது. அப்பாவோட கையப் பாத்துட்டதானே. ஒக்காரு, நீயே பூட்டு.”

“எனக்குத் தைக்கத் தெரியாதே அம்மா.”

“அவருக்குந்தான் தெரியாது. அதுக்காக விட்டாரா?”

பிள்ளை உட்கார்ந்தாள். தாய் பக்கத்தில். ஓரத்தை உள்ளே மடி, இன்னும் கொஞ்சம், ஊசியைக் கிட்டப் பிடி, அப்படியில்லை, இப்படி. எனக்குச் சொன்ன அதே வசனங்கள்தான். எனக்குச் சொன்னதைவிட மெதுவாக. “மெல்லமாச் சொல்லுங்கோ அம்மா, எனக்கு விளங்கேல்ல” என்று ஆரணி ஒவ்வொரு தரமும் நிறுத்தினாள். விளங்காத சொல்லுக்குத் தாய் கட்டுப்போட்ட கையால் காற்றில் தைத்துக் காட்டினாள். சின்ன வயதில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் வயிற்றுக்குத்து என்று படுத்த பிள்ளை, அன்று பின்னேரம் முழுக்க ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டு இருந்தாள். இடையில் விரலில் குத்திக்கொண்டு, “ஆ!” என்றாள்.

“நல்லா இருக்கு” என்றாள் புஷ்பம். “ஊருக்கெல்லாம் ஊசி போடப் போறவ, மொத ஊசியத் தனக்கே போட்டுக்கிட்டா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைச் சேர்க்கவில்லை. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, சுவரோடு ஒட்டி நின்று கொடுத்துவிட்டுப் போனேன்.

தையல் வாய்க்கால் வரம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. புஷ்பம் ஒரு இடத்தில்கூட அவிழ்க்கச் சொல்லவில்லை. எனக்கு இதில் முறைப்பாடு உண்டு, ஆனால் முறையிடுவதற்குக் கந்தோர் இல்லை. பூட்டி முடிந்ததும் ஆரணி அதைக் கையால் தடவிப் பார்த்தாள், தன் பக்கத்தை மட்டும் இரண்டு தரம். பிறகு எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்தவற்றில் சிலதை எடுத்து வெளியே வைத்தாள். போர்வையை இறுக்கிச் சுருட்டி உள்ளே அமத்தி, மூடிக்கு மேல் ஏறி இருந்து பூட்டினாள்.

வெளியே வைத்தவை என்னுடைய தமிழ்ப் புத்தகங்கள்.

அடுத்த நாள் அவளைச் சின்ன விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, இரண்டு பக்கமும் பனி மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. நான் புஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தொடங்கினேன்.

“அது இழுத்தா வந்திரும் எண்டு எனக்கு அந்த நேரம் நினைவு வரேல்ல.”

“எனக்கு வந்துச்சே.”

“என்ன?”

“நெல்லு மூட்டத் தையல் எனக்குத் தெரியாதாங்க? ஒங்க வீட்டு நெல்லுக்கே நான் வாய் தைச்சிருக்கேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நூல் நுனியக் கண்டா அவ சும்மா விடமாட்டா. சின்னதுல ஒங்க சட்டையில ஒரு பொத்தான் மிஞ்சிச்சா?”

நான் காரை மெதுவாக ஓட்டினேன். அந்த நுனியை அவள் வெட்டிவிட்டிருக்கலாம், என்னை அவிழ்த்துத் தைக்கச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் “ம்” என்று மட்டும் சொல்லி, பனிக்காலத்து உழைப்பு முழுவதையும் ஒரு நூல் நுனியில் தொங்கவிட்டுவிட்டு, அரிசி போடச் சொன்னவள். பிள்ளை இழுக்காமல் விட்டிருந்தால்? கேட்டேன்.

“இழுக்காட்டி அலுமாரிக்குத்தான் போயிருக்கும். அலுமாரிக்குப் போறதுக்கு அந்தத் தையல் போதும்தானே.”

சில வாரங்கள் கழித்து ஆரணி படம் அனுப்பினாள். சின்ன அறை, இரும்புக் கட்டில், அதன்மேல் போர்வை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் பனியைவிடப் பெரிய பனி. கீழே, “அம்மா, ராத்திரி சூடு போதும்” என்று தமிழில் எழுதியிருந்தாள். புஷ்பம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பிள்ளை தைத்த ஓரத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. படத்தை எடுத்து, அக்கராயனில் இன்னும் வயல் செய்கிற என் அண்ணருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பனிக்காலம், மாவுக்கட்டு, தையல், தாயின் பொறுமை, மகளின் மனம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீண்ட குரல் பதிவும் போட்டேன்.

அண்ணர் முழுவதையும் கேட்டிருக்கிறார். பின்னால் உழவு மெசின் இரைகிற சத்தத்தோடு அவருடைய பதில் வந்தது.

“வடிவாத்தான் கிடக்கு, தம்பி. ஆனா விரிச்சு நெல்லுக் காயப்போட அகலம் காணாது.”